கண்ணாடிக் கலங்களும் அவற்றைத் திரட்டியவர்களும்



பொன்னும் வெள்ளியும் சேர்த்து வைப்போரை நாம் அறிவோம். நாணயம் சேர்ப்பவரும் தபால்தலை சேர்ப்பவரும் உங்கள் வகுப்பிலேயே இருப்பர். கைதவறினால் நொறுங்கிப்போகும் கண்ணாடியை, அதுவும் எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கண்ணாடியைத் தேடித் திரட்டியவர்களைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையில் எகிப்து, சிரியா, ஈராக், ஈரான் முதலிய நாடுகளில் முஸ்லிம் அரசர்களின் ஆட்சியில் செய்யப்பட்ட கலங்கள் இவை. செய்தவர் அனைவரும் முஸ்லிம்களே என்று கொள்ள வேண்டா. கிறித்தவரும் யூதரும் அத்தொழிலில் இருந்தனர். இஸ்லாமியக் கண்ணாடி என்று அறிஞர் பெயரிட்டது அந்த நாகரிகத்தைக் கருதியே.

இத்துணை எளிதில் உடையும் பொருள் எங்ஙனம் தப்பிப் பிழைத்தது? யார் கையில் பிழைத்தது? பிழைத்ததனால் நமக்குத் தெரிய வந்தது யாது? இக்கேள்விகளைத் தொடர்ந்து சென்றால், ஒரு பொருளைச் சேர்த்து வைப்பது வேறு, அதன் வரலாற்றைச் சேர்த்து வைப்பது வேறு என்பது விளங்கும். இரண்டையும் ஒன்றென்று மயங்கியவர் பலர். மயங்காதவர் சிலர். அந்தச் சிலருக்கே நாம் மிகுதியும் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

முதலில் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். மணலோடு ஓர் உவர்ப்பொருளைச் சேர்த்து உருக்கினால் கண்ணாடி உண்டாகிறது. எகிப்திலும் சிரியாவிலும் உரோமர் காலம் தொட்டே அந்த உவர்ப்பொருள், எகிப்து நாட்டு நத்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகளில் தானே படியும் சோடாவாக இருந்தது. பின்னர் அது கிடைப்பது அரிதாயிற்று. 9ஆம் நூற்றாண்டளவில் உவர்நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலைக் கொண்டு கண்ணாடி செய்யலாயினர். சாம்பல் சேர்ந்த கண்ணாடியில் பொட்டாசியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். ஆகவே ஒரு சிறு துணுக்கை ஆராய்ந்தே, அது முற்காலத்ததா பிற்காலத்ததா என்று வேதியியல் அறிஞர் இன்று ஓரளவு சொல்லிவிடுகின்றனர். கொல்லன் அறியாமலே தன் கையெழுத்தை இட்டுச் சென்றான் எனலாம்.

உருகிய கண்ணாடியைக் குழலின் நுனியில் எடுத்து வாயால் ஊதிக் கலமாக்கும் முறை, கி.மு. முதல் நூற்றாண்டில் சிரிய, பாலத்தீனக் கடற்கரைப் பகுதியில் தோன்றியது. அந்தப் பழைய திறமையின் மேல் புதிய அழகுகளை இஸ்லாமிய நாட்டுக் கைவினைஞர் ஏற்றினர். ஈரானியர் சுழலும் சக்கரத்தால் கண்ணாடியை மணிக்கல்போல் வெட்டிச் செதுக்கினர். எகிப்தியர் வெள்ளியும் செம்பும் கலந்த சாயத்தால் எழுதிச் சூடேற்றி, பொன்னிறமும் பழுப்பு நிறமும் கண்ணாடிக்குள்ளேயே ஊறும்படி செய்தனர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சிரியாவும் எகிப்தும் கண்டது எனாமல் வேலை. நிறக் கண்ணாடியைப் பொடியாக்கிக் குழைத்து, கலத்தின் மேல் எழுதி, பொன்னும் பூசி, மீண்டும் உலையின் வாயில் காட்டுவர். சூடு குறைந்தால் சாயம் பற்றாது. சிறிது மிகுந்தால் கலமே துவண்டு உருக்குலையும். அந்த இடைவெளியில் கோலைச் சுழற்றிக்கொண்டே நின்றவனுடைய கண்ணையும் கையையும் எண்ணிப் பாருங்கள்.

அவ்வேலையின் சிகரம் பள்ளிவாசல் விளக்கு. மம்லூக் சுல்தான்கள் 1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்டனர். கெய்ரோ மாநகரில் அவர்கள் கட்டிய பள்ளிவாசல்களிலும் கல்விக்கூடங்களிலும் கல்லறை மண்டபங்களிலும் இவ்விளக்குகள் தொங்கின. வாய் புனல்போல் விரிந்திருக்கும். நடுவே வயிறு பருத்திருக்கும். அதன் தோளில் காதுகள் சில இருக்கும். காதுகளில் சங்கிலி கோத்து உயரத்திலிருந்து தொங்கவிடுவர். எண்ணெயும் திரியும் உள்ளே வைத்த சிறு கண்ணாடிக் கலத்தில் இருக்கும். ஆகவே நாம் விளக்கு என்று சொல்வது உண்மையில் சுடருக்கு இட்ட சட்டை. பல விளக்குகளின் கழுத்தில் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்துப் பேரொளி வசனம் எழுதப்பட்டிருக்கும். இறைவனின் ஒளிக்குக் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கை உவமையாக்கும் வசனம் அது. அதனைக் கண்ணாடி விளக்கின் மீதே எழுதிய பொருத்தம் வியக்கத்தக்கது. வயிற்றுப்பகுதியில் விளக்கைக் கொடுத்தவரின் பெயரும் பட்டங்களும் வரும். அங்கே நீலத்தைத் தரையாகப் பூசி எழுத்துகளை மட்டும் பூசாமல் விட்டிருப்பதும் உண்டு. இரவில் சுடர் ஏற்றினால் எழுத்தே ஒளிரும்.

பெயரோடு சின்னமும் எழுதுவது வழக்கம். அரசனுக்குக் கிண்ணம் ஏந்தும் பதவியில் இருந்தவனுக்குக் கிண்ணம் சின்னம். வில் ஏந்தும் பதவியில் இருந்தவனுக்கு வில். அய்தகின் என்னும் தலைவன் வில்லேந்தும் பதவி வகித்தவன். அவனுடைய கல்லறைக்கென்று 1285ஐ அடுத்துச் செய்யப்பட்ட விளக்கொன்றில் வில் பொறித்திருக்கிறது. அந்த விளக்கு இன்று இருப்பது கெய்ரோவில் அன்று; அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில். மார்கன் என்னும் பெருஞ்செல்வரின் திரட்டிலிருந்து 1917இல் அங்கே நன்கொடையாகச் சேர்ந்தது. கல்லறை ஓர் ஊரில், விளக்கு வேறொரு கண்டத்தில். இது எப்படி நேர்ந்தது என்பதே நம் கதை.

இக்கலங்களை முதன்முதலில் காத்தவர்கள் தம்மைச் சேகரிப்பாளர் என்று எண்ணியவரல்லர். சிலுவைப்போர்க் காலத்திலும் அதன் பின்னும் வணிகர் வழியாகவும் புனித யாத்திரை சென்றவர் வழியாகவும் இவை ஐரோப்பா சேர்ந்தன. மாதா கோயில்களின் கருவூலங்களில், புனிதர்களின் எலும்பையும் உடைத் துணுக்கையும் வைக்கும் பேழைகளாக அவை அமர்ந்தன. வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு கோயிலின் கருவூலத்தில் ஒரு கிண்ணம் உண்டு. பிரோசா என்னும் நீலப்பச்சை மணிக்கல்லைக் குடைந்து செய்தது என்றே நெடுங்காலம் நம்பி அதற்குப் பொன்னணி பூட்டினர். உண்மையில் அது கண்ணாடி. முயல்கள் செதுக்கிய இஸ்லாமியக் கண்ணாடி. கல் என்று எண்ணியதால் இன்னும் கவனமாகக் காத்தனர் போலும்!

கிழக்கே சீனத்திலும் இப்படியொரு காவல் நடந்தது. ஃபாமென் என்னும் பௌத்தக் கோயிலின் தூபிக்கு அடியில் ஒரு நிலவறை. அதனை 874ஆம் ஆண்டு மூடி முத்திரையிட்டனர். பின்னர் யாரும் அதைத் தொடவில்லை. 1981இல் தூபியின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1987இல் திருப்பணியின்போது நிலவறை வெளிப்பட்டது. புத்தர் பெருமானின் திருவெலும்புகளோடும் பொன், வெள்ளிப் பாத்திரங்களோடும் மேற்கு நாடுகளிலிருந்து வந்த கண்ணாடித் தட்டுகளும் அங்கே இருந்தன. கூர்முனையால் கீறிக் கோலமிட்ட அழகிய நீலத் தட்டுகள் சில. அவற்றின் சிறப்பு அழகு மட்டுமன்று. 874க்குப் பிறகு ஒரு பொருளும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. ஆகவே அத்தட்டுகள் அதற்கு முற்பட்டவை என்பது உறுதி. அதே வகைக் கீறல் வேலை கொண்ட கலங்கள் உலகில் எங்கிருப்பினும் அவற்றின் காலத்தைக் கணிக்க இந்த நிலவறை ஓர் உரைகல் ஆயிற்று.

இங்கிலாந்தின் வடக்கே ஈடன் ஹால் என்றொரு மாளிகை இருந்தது. மஸ்கிரேவ் என்னும் குடும்பத்தாருடையது. அவர்கள் வீட்டில் சாண் உயரம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குவளை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் சிரியாவிலோ எகிப்திலோ செய்தது. நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை எனாமலும் பொன்னும் மின்னும். அது அங்கு வந்த வழியை மறந்த குடும்பத்தார் ஒரு கதை சொல்லினர். கிணற்றங்கரையில் ஆடிக்கொண்டிருந்த வன தேவதைகள் மனிதரைக் கண்டு ஓடியபோது இதை விட்டுச் சென்றனவாம். குவளை உடைந்தால் குடும்பத்தின் நல்லூழும் உடையுமாம். கதையின் பயனைப் பாருங்கள். நல்லூழை உடைக்க யார் துணிவர்? 15ஆம் நூற்றாண்டிலேயே அதற்குத் தோலுறை செய்து வைத்திருந்தனர். ஜெர்மானியக் கவிஞர் ஊலாண்ட் இதைப் பாட்டாகப் பாடினார். அவர் பாட்டில் குவளை உடைகிறது. வாழ்வில் உடையவில்லை. 1926இல் குடும்பத்தார் அதனை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்தனர். 1934இல் மாளிகை இடிக்கப்பட்டது. 1958இல் அருங்காட்சியகம் குவளையை விலைக்கு வாங்கியது. வீடு போயிற்று, குவளை நிற்கிறது, ஒரு கீறலும் இல்லாமல்.

கோயிலும் குடும்பமும் காத்த கலங்கள் இவை. 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கூட்டம் வந்தது. பணமும் சுவையும் உள்ள ஐரோப்பியர் கெய்ரோவுக்குச் சென்றனர். மம்லூக் காலத்துப் பள்ளிவாசல்கள் அப்போது பழுதுற்றுக் கிடந்தன. அறக்கட்டளை வருவாய் குன்றிப் போயிருந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடைத்தெருவுக்கு வந்தன. பாரிசிலும் இலண்டனிலும் அவற்றுக்குப் பெருவிலை கிடைத்தது. எல்லோரையும் ஒரே கோலால் அளப்பது முறையன்று. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஃபெலிக்ஸ் ஸ்லேடு என்பவர் 1868இல் தம் கண்ணாடித் திரட்டு முழுவதையும் எழுதி வைத்துச் சென்றார். உலகக் கண்ணாடி வரலாற்றையே ஓர் அறையில் காட்ட முயன்றவர் அவர். எனாமல் தீட்டிய இஸ்லாமியக் கலங்களும் அதில் அடக்கம். ஏழை மாணவன் ஒருவன் காசு கொடாமல் அவற்றைப் பார்க்க முடிந்தது அவராலன்றோ!

ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. தபால்தலை சேர்க்கும் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய உறையிலிருந்து தலையை நீரில் ஊறவைத்து உரித்து எடுக்கிறீர்கள். தலை கிடைக்கிறது, உறையை எறிந்துவிடுகிறீர்கள். அவ்வுறையில்தான் எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், யாருக்குப் போயிற்று என்ற செய்தி இருந்தது. சுல்தானின் பெயர் எழுதிய விளக்காவது தன் பிறப்பைத் தானே சொல்லும். பெயரில்லாத குடுவையும் கிண்ணமும் என்ன சொல்லும்? எந்த வீட்டில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் குறிக்காமல் தோண்டி எடுத்து விற்றவன், உறையைக் கிழித்து எறிந்தவனே. உலகெங்கும் கண்ணாடிப் பேழைகளில் இத்தகைய ஊமைக் கலங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கீழே உள்ள சீட்டில் நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

ஊமையாகிய பொருளின் பக்கத்தில் பொய் பேசும் பொருளும் வந்து அமர்ந்துகொள்வது எளிது. பாரிசில் புரோகார் என்னும் கண்ணாடிக் கலைஞர், மறைந்துபோன எனாமல் நுட்பத்தை முயன்று மீட்டு, 1867ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் தம் கலங்களை வைத்தார். மம்லூக் விளக்குகளைப் பார்த்து அவர் செய்த விளக்குகள் மிகச் சிறந்தவை. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் பெயரை எழுதியே விற்றார். ஆனால் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டால்? அந்த வேலையைச் செய்யும் வணிகர் எந்நாட்டிலும் உண்டு. மற்றொரு விந்தையும் சொல்கிறேன். நெடுங்காலம் மண்ணில் கிடந்த கண்ணாடியின் மேற்புறம் ஈரத்தால் அரிக்கப்பட்டு, மெல்லிய ஏடு ஏடாகப் பிரிந்து, வானவில் நிறம் காட்டும். பார்க்க அழகுதான். உண்மையில் அது கண்ணாடிக்கு வந்த நோய். அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்தவர் பலர். அந்த நிறத்தை மருந்து பூசி வரவழைத்து விற்றவரும் உண்டு.

கெய்ரோவில் விழிப்பு ஏற்பட்டது 1881இல். பழைய அராபியக் கலைச் சின்னங்களைக் காக்கும் குழு ஒன்றை எகிப்திய அரசு அவ்வாண்டு அமைத்தது. பள்ளிவாசல்களில் எஞ்சியிருந்த விளக்குகள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன. 1903இல் அவற்றுக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. இன்று இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் என்று வழங்குவது அதுவே. சுல்தான் ஹசன் கட்டிய மாபெரும் பள்ளிவாசலின் விளக்குகள் பலவும் அங்கே இருக்கின்றன. காஸ்தோன் வியேத் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1929இல் அந்த விளக்குகளுக்கு ஒரு விரிவான அட்டவணை நூல் வெளியிட்டார். ஒவ்வொரு கல்வெட்டையும் படிப்பது போல் ஒவ்வொரு விளக்கின் எழுத்தையும் படித்துப் பதிப்பித்த நூல். அதே காலத்தில், 1929, 1930ஆம் ஆண்டுகளில், சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் யோஹான் லாம், அன்று தெரிந்திருந்த கலங்களையெல்லாம் வகைப்படுத்தி இரு பெருந்தொகுதிகளாகப் பெர்லினில் அச்சிட்டார். பின்வந்த ஆராய்ச்சி லாமின் கணிப்புகள் பலவற்றை மாற்றியிருக்கிறது. ஆனாலும் மாற்றுவதற்கு ஓர் அடித்தளம் வேண்டுமே! அதை இட்டவர் அவர். இவ்விருவரும் கலங்களைச் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை, செய்தியைச் சேர்த்தனர்.

இக்கலையின் வீழ்ச்சியைப் பற்றியும் ஒரு சொல் இங்கே சொல்லிவிடுகிறேன். 1401இல் தைமூர் டமாஸ்கஸ் நகரைச் சூறையாடிக் கைவினைஞரைச் சமர்க்கந்துக்குக் கொண்டு சென்றார். அது மட்டுமே காரணம் என்று முன்பு எழுதினர். வணிகமும் செல்வமும் குன்றியதும் காரணம் என்று இன்று கருதுகின்றனர். வெனிஸ் நகரம் முந்திக்கொண்டது. 1569இல் உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொக்கொல்லு மெஹ்மத் பாஷா, பள்ளிவாசல் விளக்குகள் 900 செய்து தருமாறு வெனிசுக்குச் சொல்லியனுப்பினார். கொடுத்த கை வாங்கும் கையாயிற்று.

நம் காலத்துக்கு வருவோம். குவைத்து அரச குடும்பத்து ஷேக் நாசிர் சபாஹ் என்பவர் 1970களின் நடுவில் இலண்டன் கடையொன்றில் 14ஆம் நூற்றாண்டு எனாமல் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கண்டு வாங்கினார். அந்த ஒரு குடுவையிலிருந்து வளர்ந்தது உலகின் பெரிய இஸ்லாமியக் கலைத் திரட்டுகளில் ஒன்று. தம் இல்லத்தில் பூட்டி வைக்காமல் அவரும் அவர் துணைவியாரும் 1983இல் குவைத்து தேசிய அருங்காட்சியகத்தில் அதனை மக்களுக்குத் திறந்து வைத்தனர். 1990 ஆகஸ்டில் ஈராக்கின் படை குவைத்தில் புகுந்தது. திரட்டு மூட்டைகட்டி பாக்தாதுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கட்டடம் தீக்கிரையாயிற்று. அப்போது நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கண்காட்சிக்காக லெனின்கிராடு சென்றிருந்தமையால் தப்பின. போர் முடிந்தபின், 1991இல், ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை திரும்பின. திரும்பியது எதனால்? எண்ணிட்டு எழுதி வைத்த பட்டியல் இல்லாதவன் எதைக் கேட்டு வாங்க முடியும்? இன்னது என் பொருள் என்று சுட்ட முடிந்தவனுக்கே மீட்பு உண்டு.

கெய்ரோவின் விளக்குகளுக்கும் ஒரு சோதனை வந்தது. 2014 ஜனவரி 24ஆம் நாள் அருங்காட்சியகத்துக்கு எதிரிலிருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடிகுண்டு நிரப்பிய வண்டி வெடித்தது. அருங்காட்சியகத்தின் முகப்பும் உட்கூரையும் பெயர்ந்தன. ஐரோப்பிய வணிகன் கைக்கும் காலத்தின் கைக்கும் தப்பிய மம்லூக் விளக்குகளுள் சில அன்று நொறுங்கின. துண்டுகளைப் பொறுக்கி, பிரித்து, ஒட்டி, 2017 ஜனவரியில் அருங்காட்சியகத்தை மீண்டும் திறந்தனர்.

உடைந்ததை ஒட்டுவது என்று சொன்னேன். முழுக் கலத்தைவிட உடைந்த துண்டு மிகுதியாகப் பேசிய இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, கெய்ரோவின் தெற்கே உள்ள ஃபுஸ்தாத். அராபியர் எகிப்தில் கட்டிய முதல் தலைநகர். நகரம் அழிந்தபின் பெரும்பகுதி குப்பைமேடாயிற்று. 1965இல் அமெரிக்க அகழ்வாய்வாளர் ஜார்ஜ் ஸ்கான்லன் அங்கே சாயம் தீட்டிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கண்டெடுத்தார். விளிம்பில் அப்துஸ் ஸமத் இப்னு அலி என்னும் ஆளுநரின் பெயர். அவர் எகிப்தை ஆண்டது 8ஆம் நூற்றாண்டில், அதுவும் சிறிது காலமே. சாயம் தீட்டும் அந்த நுட்பம் எப்போது தொடங்கிற்று என்று நடந்த வாதங்களுக்கு ஒரு கிண்ணத்தின் விளிம்பு விடை தந்தது.

மற்றொன்று கடலுக்கு அடியில். அதைச் சொல்லுமுன் ஒரு சிறு பொருளை அறிமுகம் செய்ய வேண்டும். எகிப்தில் பொன் நாணயங்களை நிறுக்கக் கண்ணாடியால் படிக்கற்கள் செய்தனர். ஒரு தினார் நிறை ஏறத்தாழ 4.25 கிராம். உலோகப் படிக்கல் துருப்பிடிக்கும். அரத்தால் அராவினாலும் தெரியாது. கண்ணாடி துருப்பிடிக்காது, ஓரத்தில் சிறிது உடைத்தாலும் வடு காட்டிக் கொடுக்கும். பொத்தான் அளவுள்ள அந்த வில்லைகளில் ஆளுநரின் பெயரையோ கலீபாவின் பெயரையோ முத்திரையாகக் குத்தியிருப்பர். அழகை நாடிய செல்வர் இவற்றை ஏறெடுத்தும் பாரார். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி போன்ற அறிஞர் இவற்றையும் பொறுக்கிச் சேர்த்துப் படித்தனர். 1926இல் ஒரு நூலே வெளியிட்டார் பெட்ரி.

இனிக் கடலுக்குள் செல்வோம். துருக்கியின் தென்மேற்குக் கரையில், ரோட்ஸ் தீவுக்கு எதிரே, சேர்செ லிமானி என்றோர் இயற்கைத் துறை. துருக்கி மொழியில் அதற்குச் சிட்டுக்குருவித் துறைமுகம் என்று பொருள். கடற்பஞ்சு எடுக்கக் குளிப்பவர் ஒருவர் அங்கே அடித்தளத்தில் கண்ணாடி கிடப்பதாகச் சொன்னார். ஜார்ஜ் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் தலைமையில் 1977 முதல் 1979 வரை அங்கே அகழ்வாய்வு நடந்தது. முப்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒரு வணிகக் கப்பல். அதில் மூன்று டன் கண்ணாடி! இரண்டு டன் உருக்குவதற்கான கண்ணாடிக் கட்டி. ஒரு டன் உடைந்த கலங்கள். கப்பல் மூழ்கியதனால் உடைந்தவை அல்ல. பெரும்பாலானவை ஏற்றும்போதே உடைசல். நம் தெருவில் பழைய புட்டியும் உடைந்த கண்ணாடியும் வாங்கிச் செல்வோர் உண்டல்லவா? அதே வாணிகம்தான். சிரியக் கரையின் தொழிற்கூடத்துக் கழிவை விலைக்கு வாங்கி, மீண்டும் உருக்குவதற்காகப் பைசாந்திய நாட்டுக்குக் கொண்டு போனார்கள்.

குப்பை என்று தள்ளியிருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை. ஐந்து இலட்சத்துக்கும் பத்து இலட்சத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் துண்டுகள். ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தைக் குறித்து, உப்பு நீக்கி, போட்ரம் நகரத்துக் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் மேசைகளின் மேல் பரப்பினர். முதலில் நிறம் பார்த்துப் பிரித்தனர். அதன் பின் விளிம்பு வேறு, அடி வேறு, பிடி வேறு; பூவேலை உள்ளது வேறு, இல்லாதது வேறு. ஒரு துண்டின் ஓரத்தோடு மற்றொன்றின் ஓரம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தொழிற்கூடத்தின் கழிவாதலால் ஒரே கலத்தின் பல துண்டுகள் சேர்ந்தே இருந்தன. இல்லாவிடில் இந்த வேலை முடிந்திராது. குவளை, கிண்ணம், குடுவை, சாடி, விளக்கு என்று நூற்றுக்கணக்கான கலங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல எழுந்தன. எத்தனையோ வடிவங்கள் அதற்கு முன் எந்த அருங்காட்சியகத்திலும் காணப்படாதவை. செல்வர் சேர்த்தவை விருந்துக்கும் வழிபாட்டுக்கும் உரிய உயர்ந்த கலங்கள். இவையோ அன்றாடம் மக்கள் குடித்ததும் எண்ணெய் ஊற்றியதும் உடைத்து எறிந்ததும். 11ஆம் நூற்றாண்டின் அடுக்களையும் கடையும் அப்படியே நம் முன் வந்து நின்றன.

கப்பல் எப்போது மூழ்கிற்று? அதைச் சொன்னவை அந்தக் கண்ணாடி வில்லைகளே. கப்பலில் சென்ற வணிகர் தம்மோடு வைத்திருந்த படிக்கற்கள் அவை. அவற்றின் முத்திரைகளைப் படித்து, கப்பல் மூழ்கியது 1025ஐ ஒட்டி என்று முடிவு செய்தனர். ஆகவே அதில் இருந்த ஒவ்வொரு துண்டுக்கும் வயது கிடைத்தது. பெயரும் ஊரும் தெரியாமல் உலகெங்கும் கேள்விக்குறியோடு கிடந்த எத்தனையோ கிண்ணங்களும் குடுவைகளும், இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், தம் காலத்தைப் பெற்றன.

கண்ணாடியைப் பற்றிய அறிக்கை முழு நூலாக அச்சேறியது 2009இல். தோண்டிய காலத்திலிருந்து முப்பது ஆண்டுகள். ஒட்டி முடித்த கலங்களைப் போட்ரம் கோட்டையில் இருட்டறை ஒன்றில் வைத்து, பின்னாலிருந்து விளக்கு காட்டினர். பச்சை, தேன் நிறம், ஊதா, நிறமில்லாத வெள்ளை என்று அவை ஒளிர்ந்தன. அருகில் சென்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒட்டிய கோடு தெரியும்.